ஓடும், நிக்காது

அன்றைக்கு அந்தக் காரைச் சுற்றி யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நைனா. எங்க அப்பா. காருக்கு அடியில் படுத்திருந்தார். ரெண்டு பாதம் மட்டும் வெளியே.

மாமா. அம்மாவின் தம்பி. நைனா வேலை செய்த கம்பெனியிலேயே மெயின்டனன்ஸ் ஹெல்பர். முன்சக்கரத்துக்கிட்ட குந்தி, கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன். பதினாலு வயசு. பின்சக்கரத்துக்குக் கீழே ஒரு வேலங்கட்டையைச் செருகிவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

அம்மா. வாசப்படியில். மடியில் முறம். கல் பொறுக்குகிற கை நின்று ரொம்ப நேரம் ஆச்சு.

அக்கா. தெருக்குழாயில். கார் பக்கம் திரும்பவே இல்லை. கல்யாணப் பொண்ணு அவள்தான்.

நான். டிரைவர் சீட்டின் நுனியில். ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வலது கால் பிரேக் பெடல் மேல். எனக்குப் பத்து வயசு.

அப்புறம் நீங்க. லைன் வீட்டுப் பசங்க. ஒரு தடவை சீட்டில் உட்காரணும் என்று வரிசையில் நின்றவங்க. இப்போ நமக்கெல்லாம் ஐம்பது ஆகப்போகுது. உங்களில் பாதிப் பேர் கல்யாணத்துக்கு வந்தீங்க. பார்த்தீங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு மாசம் என்ன நடந்தது என்று உங்களுக்கு முழுசாகத் தெரியாது. நானும் யார்கிட்டயும் சொன்னதில்லை.

நம்ம லைன் ஞாபகம் இருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட் ரோட்டிலிருந்து உள்ளே, பதினாறு ஊடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரே குழாய். பாதி ஊட்டு ஆம்பளைகள் பிரஸ் ஷாப். தகடு வைத்து, பட்டனை அமுக்கினால் மேலிருந்து அச்சு இறங்கும். கையை எடுக்க மறந்தால் கை இல்லை.

அதனால் நம்ம லைனில் ஒரு வழக்கம் இருந்தது. வேற எங்கேயும் நான் பார்த்ததில்லை. ஷிப்ட் முடிந்து வருகிற ஆம்பளை வாசலிலேயே நிற்பார். பிள்ளைங்க சொம்பில் தண்ணி கொண்டுபோய் கையில் ஊத்தணும். ஊத்தும்போதே விரலை எண்ணணும். எண்ணி உள்ளே குரல் கொடுக்கணும். எங்க வீட்டில் அது என் வேலை.

"எத்தினி?" என்று அம்மா அடுப்புக்கிட்டயிருந்து கேட்பாள்.

"பத்து!"

அதுக்கப்புறம்தான் அம்மா தட்டை எடுப்பாள்.

நாலாம் நம்பர் ஊட்டில் எட்டு. கடைசி ஊட்டில் ஒம்பது. அந்தப் பிள்ளைகளும் தினமும் எண்ணினாங்க. குறைந்ததுக்கு அப்புறமும் எண்ணினாங்க. நைனாவுக்கு ஒம்பது வருசமாகப் பத்து. அது அவருக்குப் பெருமை. டீக்கடையில் டம்ளரைப் பிடிக்கும்போது பத்து விரலாலும் பிடிப்பார்.

"என் கை தப்பிச்சுது. என் புள்ள கை அந்தப் பக்கமே போவாது" என்பார். அண்ணனை ஐ.டி.ஐ.யில் சேர்த்து எலக்ட்ரீஷியன் ஆக்கணும் என்று இருந்தார்.

கார் மொதலாளியுடையது. வெளிநாட்டுக் கார். கறுப்பு. நம்ம ரெண்டு ஊட்டு வாசல் நீளம் இருக்கும். கம்பெனிக்குப் பின்னாடி ஷெட்டில் ரெண்டு வருசமாக நின்றது. இன்ஜின் நல்லா இருந்தது. பிரேக் போய்விட்டது. அதுக்கு சாமான் வெளிநாட்டிலிருந்து வரணும் என்று மெட்ராஸ் மெக்கானிக் சொல்லிவிட்டாராம். மொதலாளி வேற கார் எடுத்துக்கொண்டார்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆனதும் நைனா போய் மொதலாளி ரூம் வாசலில் நின்றார்.

"பொண்ணு கல்யாணம்ங்க. ஒரு நாளைக்கு அந்தக் காரு குடுத்தீங்கன்னா."

"அது ஓடும்யா. நிக்காது."

"நிக்க வெச்சுட்டா?"

மொதலாளி சிரித்தாராம். "நிக்க வெச்சா ஒரு நாள் எடுத்துட்டுப் போ."

இதை நைனா எங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. அதிகம் பேசாத மனுசன். இதை மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அடுத்த நாயித்துக்கிழமை கம்பெனி டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். நீங்கள் பின்னாடியே ஓடி வந்தீங்க. லைன் வாசலில் தரை கொஞ்சம் சாய்வு. ஹேண்ட் பிரேக்கும் அறுந்து போயிருந்தது. நிறுத்தினால் தானாக நகரும். மாமாதான் விறகு அடுக்கிலிருந்து அந்த வேலங்கட்டையை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். ஒரு பக்கம் சாய்வாக, ஒரு பக்கம் தட்டையாக, பாறை மாதிரி கனம்.

"இனிமே நீதான் கட்டைக்காரன். வண்டி நவுந்தா உன்னைத்தான் கேப்பேன்."

"நான் சின்னப் பையன் மாமா."

"மீசை வந்துக்கினு கீது, சின்னப் பையனாம். குந்துடா."

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "பஸ்ஸுல போனா இன்னா? ஒரு வேன் சொன்னா இன்னா? ஊருல வேலை இல்லாத மாதிரி இதை இழுத்துக்கினு வந்து."

"வேனுல எல்லாரும் போவான்" என்றார் நைனா.

"நிக்கலன்னா?"

"நிக்கும்."

காரணம் அம்மாவுக்குத் தெரியும். எனக்குத்தான் அப்போது தெரியாது.

எங்க சொந்த ஊர் தேர்வாய் கண்டிகை போகிற பக்கம். சர்ச் ஏரிக்கரைக்கு அந்தாண்ட. எங்க காலனியிலிருந்து சர்ச்சுக்கு ரெண்டு வழி. ஒன்று வரப்பு மேல். இன்னொன்று ஊர்த் தெரு வழியாக, அப்புறம் ஏரிக்கரை ஏறி இறங்கணும். கார் போகிற வழி அதுதான். ஊர்த் தெருவில் நிலத்துக்காரர்கள் வீடு. நைனா எட்டு வயசிலிருந்து அவர்களில் ஒருத்தரிடம் மாடு மேய்த்தவர். எங்க கல்யாணம் எதுவும் அந்தத் தெரு வழியாகப் போனதில்லை. அம்மா கல்யாணத்தன்று மழை. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வரப்பு மேலேயே நடந்து போனாளாம். முழங்கால் வரைக்கும் சேறு. அப்படியே போய் பாதிரியார் முன்னாடி நின்றாளாம். நைனா அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்.

அக்கா கல்யாணக் காலத்தில் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் யாரும் போய்ப் பார்க்கவும் இல்லை.

அக்காவை யாரும் கேட்கவில்லை. ஒரு தடவை பாத்திரம் துலக்கிக்கொண்டே என்னிடம் சொன்னாள். "எனக்கு நடந்து போனா போதும்டி."

ரிப்பேர் என்றால் காசில்லாத ரிப்பேர். மூணு வாரம், ஷிப்ட் இல்லாத நேரமெல்லாம். நைனா மூணாவது வரைக்கும் படித்தவர். ஆனால் ஒரு மெஷினைப் பிரித்தால் மறுபடி அதே வரிசையில் மாட்டுவார். கழட்டின சாமானை எல்லாம் பழைய சிமெண்டு கோணியில் வரிசையாக வைத்து, சாக்பீஸால் நம்பர் போடுவார். நான்தான் சாக்பீஸ் பிடிப்பேன்.

சக்கரத்துக்குள் தேய்கிற லைனிங் தேய்ந்து போயிருந்தது. மாமா லாரி ஷெட்டிலிருந்து பழைய லாரி லைனிங் ரெண்டு துண்டு வாங்கி வந்தார். நைனா அதை ரம்பத்தால் அறுத்து, அளவு பார்த்து, ஓட்டை போட்டு, செம்பு ஆணி வைத்து அடித்தார். பொடி வாசலெல்லாம் பறந்தது. நாம் அதைக் கூட்டி, கடை வைத்து, டீத்தூள் என்று விற்று விளையாடினோம். ஞாபகம் இருக்கா. பைப்பில் ஒரு இடத்தில் பொத்தல். கம்பெனியில் வெல்டிங் செய்கிறவர் சாப்பாட்டு நேரத்தில் பற்ற வைத்துக் கொடுத்தார். ரப்பர் மட்டும் பழசு. புது ரப்பர் கிடைக்காது. நைனா அதை எடுத்து சோப்புத் தண்ணியில் கழுவி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மறுபடி அதையே போட்டார்.

அப்புறம்தான் என் வேலை வந்தது. காத்து எடுக்கிறது.

பைப்புக்குள் காத்து இருந்தால் பிரேக் பிடிக்காது. ஒருத்தர் மேலே பெடலை அடிக்கணும். ஒருத்தர் கீழே சக்கரத்துக்கிட்ட ஒரு சின்ன திருகைத் திறக்கணும். எண்ணெயும் காத்தும் குழாய் வழியாக சீசாவில் கொப்புளம் விட்டுக்கொண்டு வரும். திருகை மூடுகிற வரைக்கும் மேலே காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காத்து மறுபடி உள்ளே போய்விடும். மாமா கீழே கை கொடுக்கணும், அண்ணன் கட்டையை விட்டு வரமுடியாது. அதனால் நான்.

"அடி" என்று அடியிலிருந்து நைனா குரல் வரும். "அடி. அடி. புடி. வுடாத."

நான் சீட்டிலிருந்து சறுக்கி, உடம்பு முழுக்க அந்தக் காலில் வைத்து நிற்பேன். தொடை நடுங்கும்.

"வுடாத. வுடாத. வுடு."

அந்த சீட்டின் வாசனை இன்னும் இருக்கிறது. பழைய தோல், எலி, யாரோ எப்பவோ போட்டுக்கொண்ட சென்ட். கதவில் ஒரு சின்ன சிகரெட் சாம்பல் டப்பா இருந்தது. வெள்ளி மாதிரி மின்னும். அதைத் திறந்து மூடினால் டக் என்று ஒரு சத்தம். அப்படி ஒரு சத்தம் நம்ம லைனில் எந்தச் சாமானுக்கும் கிடையாது.

பிரேக் ஆயில் சின்ன டப்பாவில்தான் கிடைக்கும். முதல் டப்பா ஒரு சக்கரத்துக்கே தீர்ந்தது. ரெண்டாவது டப்பா ஒழுகியே தீர்ந்தது. மூணாவது வாங்க நைனா கடைக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வந்தார். ரெண்டு நாள் கார் பக்கமே போகவில்லை. மூணாம் நாள் மாமா ஒரு மஞ்சள் கேன் கொண்டு வந்தார். உள்ளே எண்ணெய். தேன் நிறம்.

"பிரஸ்ஸுக்கு ஊத்தறது மாமா. புது பேரல்ல இருந்து" என்றார் அவர் நைனாவிடம்.

நைனா ரெண்டு விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார்.

"இதுக்கு அது ஆவுமா?" என்று அம்மா கேட்டாள்.

"அம்பது டன்னு பிரஸ்ஸு. இந்த எண்ணைதான் புடிச்சுக்கினு நிக்குது. இந்தக் காரு ரெண்டு டன்னுகூட இருக்காது. இதை நிறுத்தாதா?"

அது சரியாகத்தான் பட்டது. எங்கள் எல்லாருக்கும். நம்ம லைனில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். ஒம்பது வருசமாக அந்த எண்ணெய் மேல் உயிரை வைத்து வேலை செய்தவர்களுக்கு அதைவிட நல்ல எண்ணெய் எது?

அன்றைக்குச் சாயந்திரம் நாலு சக்கரத்திலும் காத்து எடுத்து முடித்தோம். நான் கடைசியாக அடித்தபோது பெடல் பாதியிலேயே நின்றது. சுவரை மிதிக்கிற மாதிரி.

"நைனா, கெட்டியா கீது!"

நைனா அடியிலிருந்து வந்தார். மூஞ்சியெல்லாம் கருப்பு. அவரே கையால் அமுக்கிப் பார்த்தார். சிரித்தார். முன்பல் ஒன்று பாதி உடைந்தது அன்றைக்குத்தான் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நாயித்துக்கிழமை சிப்காட் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். மாமா பக்கத்தில். அண்ணனும் நானும் பின்னாடி. போய், மிதித்தார். கார் நின்றது. இன்னும் வேகமாகப் போய் மிதித்தார். நின்றது. மாமா மண்டை முன்கண்ணாடியில் இடித்தது.

"மாமா, நிக்குது. ஒத்துக்கிறேன். மண்டை வீங்கினா பொண்ணு வூட்டு சைடுல அசிங்கமா இருக்கும், வுட்டுடு" என்றார் மாமா. நைனா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்.

கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் நான் காரில் ஏறி பெடலை மிதித்துப் பார்ப்பேன். விளையாட்டுத்தான். நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ ஒரு வித்தியாசம் தெரிந்தது. காலை எடுத்தால் பெடல் என் காலோடு வரவில்லை. மெதுவாக, தூக்கத்திலிருந்து எழுந்திருக்கிற மாதிரி வந்தது.

"நைனா, பெடலு மெதுவா வருது."

"டைட்டா ஆயிக்கினு கீது. நல்லதுதான்."

ரெண்டு நாள் கழித்து மறுபடி சொன்னேன். "நைனா, இன்னும் மெதுவா வருது."

"லூசா இருந்தாத்தான் பயப்படணும். போய்ப் படி."

கல்யாணத்தன்று விடிந்ததும் காருக்குப் பூ கட்டினார்கள். நான் புது கவுனோடு போய் உட்கார்ந்து மிதித்தேன். பெடல் கீழேயே நின்றது. வரவே இல்லை. நான் கால் கட்டைவிரலை அடியில் விட்டு, மேலே தூக்கி வைத்தேன்.

நைனா ரெண்டடி தள்ளி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கண்ணாடியில் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை. முன்சீட்டில் நடுவில் உனக்குத்தான் இடம் என்று சொல்லியிருந்தார். கார் போகாவிட்டால் அந்த இடம் இல்லை. அவ்வளவுதான் காரணம். வேற ஒன்றும் இல்லை.

பின்சீட்டில் அக்கா, அம்மா, ஒரு சித்தி. முன்னாடி நைனா, நான், அண்ணன். அண்ணன் மடியில் கட்டை. மாமா முன்னாடியே ஊருக்குப் போய்விட்டார். உங்களில் கல்யாணத்துக்குக் கிளம்பினவங்க டெம்போவில் பின்னாடி வந்தீங்க.

கும்மிடிப்பூண்டி தாண்டும்போதே கார் இழுக்கவில்லை. நைனா ஆக்சிலேட்டரை மிதிக்கிறார், யாரோ பின்னாடி பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறது. வழியில் ஒரு வாசனை வந்தது. ரப்பர் கருகுகிற மாதிரி.

"இன்னா நாத்தம்?" என்றாள் அம்மா.

"பாரம். அஞ்சாறு பேரு கீறோம்ல" என்றார் நைனா. அவர் கழுத்தில் வேர்வை.

காலனி முனையில் பேண்டுக்காரர்களும் சனமும் காத்திருந்தார்கள். மாமா ஓடி வந்து கதவைத் தட்டினார். அண்ணன் கட்டையோடு இறங்கிக்கொண்டான். பேண்டு முன்னாடி, சனம் ரெண்டு பக்கம், கார் நடுவில். நடக்கிற வேகம். ஊர்த் தெருவில் நுழைந்தோம்.

ரெண்டு பக்கமும் வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். பார்த்தார்கள். நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். தலை குனிந்திருந்தாள். அம்மா குனியவில்லை. அம்மா நேராக உட்கார்ந்து, கண்ணாடி வழியாக ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

தெருவின் நடுவில் கார் நின்றது. நைனா நிறுத்தவில்லை. அதுவாக நின்றது. ஆக்சிலேட்டர் மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, கார் நகரவில்லை. முன்சக்கரத்திலிருந்து புகை. பேண்டுக்காரர்கள் பத்தடி போய்த் திரும்பிப் பார்த்து, ஒவ்வொருத்தராக நிறுத்தினார்கள்.

நின்ற இடம் நைனா மாடு மேய்த்த வீட்டு வாசல்.

அந்த நிலத்துக்காரர் வெளியே வந்தார். வயசானவர். தோளில் துண்டு. காரைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாடா, நின்னுபோச்சா?"

நைனா இறங்கி நின்றார். "சூடு ஏறிக்கிச்சு."

"பொகை வருது பாரு. ஆறட்டும். அவசரப்படாத. பொண்ணை உள்ள வந்து குந்தச் சொல்லு. மோர் குடுக்கச் சொல்றேன்."

பின்னாடி யாரோ ஒரு பையன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. அது எனக்கு இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது. அவர் சிரிக்கவில்லை. நிசமாகவே கூப்பிட்டாரா, இல்லை குத்திக் காட்டினாரா என்று இத்தனை வருசமாக யோசிக்கிறேன். தெரியவில்லை. அந்த வீட்டுக்குள் எங்கள் ஆட்கள் யாரும் அதுவரைக்கும் உட்கார்ந்து மோர் குடித்ததில்லை.

அரை மணி நேரம் ஆறியிருந்தால் போதும், பிடி தானாக விட்டிருக்கும்.

நைனா வெள்ளைச் சட்டையோடு மண்ணில் படுத்தார். காருக்கு அடியில் போனார்.

"பிரேக்கு புடிச்சதை வுட மாட்டேங்குது" என்றார் மாமாவிடம். "ஸ்பேனர் குடு."

முன்சக்கரத்துத் திருகைத் திறந்தார். எண்ணெய் பீய்ச்சி அடித்தது. சட்டையில், மண்ணில். சக்கரம் விடுபட்டது. கார் ஒரு அங்குலம் நகர்ந்தது. அண்ணன் கட்டையைப் போட்டான்.

"முழுசா மூட வேணாம். மறுபடியும் புடிச்சுக்கும். கொஞ்சம் லூசாவே வுடு" என்றார் மாமா. "ஒரு சக்கரம்தானே. மூணு கீது."

"இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்றார் நைனா.

எழுந்தார். நிலத்துக்காரரைப் பார்க்கவில்லை. காரில் ஏறினார். அவர் மேல் அந்தத் தேன் நிற எண்ணெய் வாசனை. கையால் முகத்தைத் துடைத்ததில் நெற்றியெல்லாம் மண். பேண்டு மறுபடி ஆரம்பித்தது.

தெரு முடிந்தது. அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அம்மா பின்னாடியிருந்து அவர் தோளைத் தொட்டாள். ஒரு விநாடி. அவர்கள் ரெண்டு பேரும் எங்கள் முன்னாடி தொட்டுக்கொண்டதே இல்லை.

ஏரிக்கரை மேடு. கார் நன்றாக ஏறியது. இழுக்கவில்லை, நாற்றம் இல்லை. மேலே ஏறினதும் கீழே சர்ச் தெரிந்தது. வெள்ளை அடித்திருந்தார்கள். வாசலில் மாப்பிள்ளை, பாதிரியார், பிள்ளைகள், நீங்கள். டெம்போவிலிருந்து இறங்கி, காலனி ஆட்களோடு வரப்பு வழியாக முன்னாடியே ஓடி வந்துவிட்டீங்க. பேண்டுக்காரர்கள் இறக்கத்தில் பாதி போயிருந்தார்கள்.

நைனா கியரைத் தள்ளி நியூட்ரலில் போட்டார். கம்பெனி டிராக்டரில் இறக்கத்தில் அப்படித்தான் பழக்கம். டீசல் மிச்சம்.

கார் இறங்க ஆரம்பித்தது. நைனா மிதித்தார்.

நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூணு வாரமாக எனக்கு அதுதானே பழக்கம். பெடல் ஒரே மூச்சில் தரை வரைக்கும் போனது. மறுபடி மிதித்தார். தரை. எண்ணெய் எல்லாம் அந்த ஒரு திருகு வழியாக தெருவிலேயும் மேட்டிலேயும் போய்விட்டிருந்தது. நாலு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய். ஒரு ஓட்டை போதும். பிரஸ் ஷாப்பில் இருந்தவருக்கு அது தெரியாதா. தெரியும். அன்றைக்கு அந்தத் தெருவில் தெரியவில்லை.

நான் என் காலை அவர் கால் மேல் வைத்து அமுக்கினேன். ரெண்டு பேரும் மிதித்தோம். ஹாரன் வேலை செய்யாது. நைனா கியரை இழுத்தார், அது கரகரவென்று கத்தியது, விழவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை விட்டுக் கத்தினார்.

"கட்டை போடுடா! கட்டை!"

அண்ணன் பக்கத்தில் ஓடி வந்துகொண்டிருந்தான். கட்டையைத் தூக்கி சக்கரத்துக்கு முன்னாடி எறிந்தான். சக்கரம் அதை உதைத்துத் தள்ளியது. ஓடிப்போய் எடுத்தான். மறுபடி போட்டான். மறுபடி உதைத்தது. பேண்டுக்காரர்களுக்கு அவர்கள் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பெரிய டிரம் அடிக்கிறவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார். அவர் முதுகில் டிரம்மின் வார் எக்ஸ் மாதிரி இருந்தது. அவருக்கு முன்னாடி நீங்கள்.

மூணாவது தடவை அண்ணன் எறியவில்லை. காருக்கு முன்னாடி ஓடி, மண்டி போட்டு, கட்டையைச் சக்கரத்துக்கு நேராக வைத்து, கையால் பிடித்துக்கொண்டான். விடவில்லை.

கார் நின்றது.

டிரம்முக்கும் காருக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கலாம். அவ்வளவுதான் இடம்.

அண்ணன் கை கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவில். நைனா குதித்து ஓடி, தனியாளாகக் காரைத் தூக்கப் பார்த்தார். தூக்க முடியுமா அதை? எல்லாரும் சேர்ந்து பின்னாடி தள்ளினார்கள். அக்கா இறங்கி வந்தாள். தலையிலிருந்த முக்காட்டு நெட்டைக் கழற்றி அண்ணன் வலது கையில் சுற்றினாள். சுற்றச் சுற்றச் சிவப்பு வெளியே வந்துகொண்டே இருந்தது.

நைனா அவனைத் தூக்கும்போது ஒரே ஒரு வார்த்தை கேட்டார். "கையை ஏன்டா உள்ள வுட்ட?"

"நீதானே போடச் சொன்ன" என்றான் அண்ணன்.

கல்யாணம் நடந்தது. மத்தியானத்துக்கு மேல். நெட் இல்லாமல், நைனா இல்லாமல், அம்மா இல்லாமல். அக்காவை மாமா கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். பாட்டு எதுவும் பாடவில்லை.

ஆஸ்பத்திரியில் மூணு விரலை எடுத்துவிட்டார்கள். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்.

காரை மறுநாள் டிராக்டர் வந்து இழுத்துப் போனது. இழுக்க வந்த கம்பெனி மெக்கானிக் முன்பக்கம் திறந்து ரப்பரை எடுத்தார். கம்பெனிக்குப் போகிற வழியில், நம்ம வாசலில் வைத்துதான். பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. விரலில் அழுத்தினால் பொலபொலவென்று உதிர்ந்தது.

"இதுல இன்னாத்த ஊத்தினீங்க?"

மாமா சொன்னார்.

"இது பிரேக் ரப்பர்யா. அந்த எண்ணைல ஊறிப்பூடும். அது வேற, இது வேற."

நைனா உள்ளே இருந்தார். கேட்டிருக்கும். வெளியே வரவில்லை.

கட்டையை யாரோ கொண்டுவந்து வாசலில் போட்டிருந்தார்கள். அம்மா அதை அடுப்பில் வைத்தாள். வேலமரம் இல்லையா, நின்று எரிந்தது. மூணு வேளை சோறு வெந்தது.

அடுத்த வாரம் நைனா ஷிப்ட் போனார். வந்தார். நான் சொம்போடு போனேன். கையில் தண்ணி ஊத்தினேன். எண்ணினேன். வழக்கம் இல்லையா. உள்ளே திரும்பினேன். அம்மா கேட்கவில்லை. அண்ணன் கட்டுப்போட்ட கையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. நைனா கையை உதறிவிட்டு, ரெண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். அதுக்கப்புறம் அவரே குழாயில் கழுவிக்கொண்டு வந்துவிடுவார். எங்க ஊட்டில் எண்ணுகிறது அத்தோடு நின்றது.

அவர் ரிட்டையர் ஆகும்வரைக்கும் பிரஸ்ஸில்தான் இருந்தார். ஒரு கீறல் இல்லை.

அண்ணனை ஐ.டி.ஐ.யில் எடுக்கவில்லை. கம்பெனிகளிலும் எடுக்கவில்லை. கேட்டில் கையை நீட்டச் சொல்வார்கள். நீட்டினால், எந்த பிரஸ்ஸில் போச்சு என்று கேட்பார்கள். அவன் சொல்ல மாட்டான். இப்போது தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. கேட் திறந்து மூடுகிற வேலை. பெரிய பெரிய கார் வரும். "எல்லாம் கோடு கிழிச்ச மாதிரி நிக்குதுடி" என்று ஒரு தடவை சொன்னான். அந்தக் கார் பற்றி அவன் பேசினது இத்தனை வருசத்தில் அது ஒன்றுதான். அதுவும் அந்தக் காரைப் பற்றியா என்று தெரியாது.

பெடல் வரவில்லை என்று நான் காலையிலேயே பார்த்ததை அவனிடம் சொன்னதில்லை. நைனாவிடமும் சொன்னதில்லை. இதைப் படித்தால் அவனுக்குத் தெரியும். தெரியட்டும்.

போன தையில் நைனா போய்விட்டார். அக்காவும் வந்திருந்தாள். பெட்டியில் வைத்ததும் அம்மா அண்ணனைப் பார்த்து, "கையைச் சேத்து வைடா, சிலுவை வெக்கணும்" என்றாள். கை விறைத்துப்போயிருந்தது. சேரவில்லை. அண்ணன் குனிந்து, தன் ரெண்டு கையாலும் அவர் ரெண்டு கையையும் அணைத்துப் பிடித்து, நெஞ்சு மேல் வைத்தான். நான் நூல் கட்டணும். கட்டுகிற வரைக்கும் அவன் விடக் கூடாது.

"புடி" என்றேன். "வுடாத."

பிடித்துக்கொண்டிருந்தான். வெள்ளைத் துணி மேல் நாலு கை. எனக்கு வேற ஒன்றும் தோன்றவில்லை. எண்ணினேன்.

பதினேழு.